வெளிநாட்டு வாங்குநர் அனுப்பும் லஞ்ச எதிர்ப்புப் படிவம்: கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியவை

கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழக்கூழ் அனுப்புபவராக இருந்தாலும், ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்பவராக இருந்தாலும், ஆர்டரோடு இந்தப் படிவமும் வந்துசேரும். ‘நாங்களோ எங்கள் சார்பில் வேறு எவருமோ அரசு அலுவலர்களுக்கு லஞ்சம் கொடுக்கவில்லை; கொடுக்கவும் மாட்டோம்’ என்பதே அதன் சாரம். பலர் முத்திரை குத்தி அன்றைக்கே அனுப்பிவிடுகிறார்கள். ‘எங்கள் சார்பில் வேறு எவரும்’ யார் யார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

படி 1: எந்தச் சட்டம் உங்கள் மீது பாயும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் வெளிநாட்டு ஊழல் தடுப்புச் சட்டம் 1977இல் வந்தது. பிரிட்டனின் லஞ்சச் சட்டம் 2010இல் வந்தது. சரக்கை விற்பதோடு நிற்கும் சிறு நிறுவனத்தை இவை நேரடியாகத் தொடுவது அரிது. வாங்குபவரின் சார்பில் நீங்களே உரிமமோ அனுமதியோ வாங்கிக் கொடுத்தால் கதை வேறு. எப்படியானாலும், படிவம் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிட்டால், மீறியதற்காக வாங்குபவர் ஆர்டரை ரத்து செய்யலாம். உங்கள் கணக்கையும் கேட்கலாம். நம் ஊர்ச் சட்டமும் சும்மா இல்லை. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கூட்டாண்மை நிறுவனங்களும் இதில் அடக்கம்.

படி 2: உங்கள் சார்பில் வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் (சுங்க வேலையை முடித்துத் தருபவர்), லாரி புக்கிங், உரிம வேலை பார்ப்பவர் ஆகியோரின் ஓராண்டு பில்களை எடுத்து வையுங்கள். இதற்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். மற்ற எல்லாப் படிகளும் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது. ‘இதரச் செலவு’, ‘அலுவலகச் செலவு’, ‘டீ செலவு’ என்ற வரிகளில் ரசீது இல்லாதவற்றைக் கோடிட்டுக் குறியுங்கள். துறைமுகக் கட்டணத்துக்கும் ஆய்வுக் கட்டணத்துக்கும் ரசீது உண்டு. ஐயாயிரம், பத்தாயிரம் என்று முழுசாக நிற்கும் ரசீது இல்லாத தொகைகள், அதுவும் ரொக்கத்தில், கேள்விக்கு உரியவை. வேலையை விரைவுபடுத்தக் கொடுக்கும் சிறு தொகைக்கு அமெரிக்கச் சட்டம் மட்டும் குறுகிய விலக்கு வைத்திருக்கிறது. பிரிட்டனிலும் இந்தியாவிலும் அதுவும் லஞ்சமே.

பில்லில் என்ன ஆகிவிடப் போகிறது என்பவர்களுக்கு அமெரிக்கத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான காக்னிசன்டின் வழக்கைச் சொல்வேன். சென்னை வளாகத்தின் கட்டட அனுமதிக்காக ஒப்பந்ததாரர் வழியே லஞ்சம் போனது, அது கட்டுமானப் பில்களில் மறைக்கப்பட்டது என்பது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் 2019இல் அந்த நிறுவனம் 2.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. லஞ்சம் கேட்ட இடம் தமிழ்நாடு, பணம் கட்டிய இடம் அமெரிக்கா.

படி 3: ஏஜென்ட்டுடன் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். எந்த வேலைக்கு எவ்வளவு, ரசீது இல்லாத செலவைத் தரமாட்டோம், பணம் வங்கி வழியாக மட்டுமே போகும் என்று மூன்று வரி போதும். பத்து வருடப் பழக்கம் என்று அவர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

படி 4: யாராவது லஞ்சம் கேட்டால் தேதி, நேரம், அலுவலகம், கேட்ட தொகை ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போவதுதான் சிறந்த வழி. கட்டாயத்தின் பேரில் கொடுத்துவிட்டவருக்கும் சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஆனால் ஏழு நாட்களுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும்.

படி 5: இது லஞ்சம் பற்றியது அல்ல, ஆனாலும் கையோடு செய்துவிடுங்கள்: வாங்குபவர், அவருடைய வங்கி, கப்பல் நிறுவனம் ஆகிய பெயர்களை அமெரிக்க நிதித்துறை, ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஆகியவற்றின் தடைப் பட்டியல்களில் (பொருளாதாரத் தடைக்கு உள்ளானவர்களின் பட்டியல்) தேடுங்கள். இணையத்தில் இலவசம். தேடிய பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

இனி படிவத்துக்கு வாருங்கள். உங்களால் உறுதி சொல்ல முடியாத வரி இருந்தால் ‘எங்கள் அறிவுக்கு எட்டியவரை’ என்று சேர்த்துத் திருத்தம் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாங்குபவரின் சட்டப் பிரிவுக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் புதிதல்ல. அவர்கள் பதில் வந்த பிறகு கையெழுத்திடுங்கள்.