‘ஐ ஆம்’ என்றால் ‘நான்’ என்று யார் சொன்னது?

போன வாரம் என் பின்னேர ஆங்கில வகுப்புக்குப் புதிதாக ஒரு பெடியன் வந்தான். ஓட்டோ ஓடுகிறவன். தன்னை அறிமுகப்படுத்தச் சொன்னதும் எழும்பி நின்று, “ஐ ஆம் லிவ் இன் விசுவமடு, ஐ ஆம் ட்ரைவ் ஓட்டோ” என்றான். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்தில் மரத்தடிப் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, ஓட்டோவுக்குப் பதிலாகச் சைக்கிளைப் போட்டு இதே வசனத்தை நானும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வன்னியில் ஆங்கிலத்துக்கு ஆசிரியர் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த ஒருவரும் மூன்று வகுப்பை ஒன்றாக இருத்திப் படிப்பித்தார், அவர் எந்தப் பிழையைப் பிடிப்பார்? இன்றைக்கு மூன்றாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டு வரை ஒன்பது வருசம் ஆங்கிலம் படித்துவிட்டு, சாதாரண தரப் பரீட்சையில் சித்தியில்லாமல் ‘டபிள்யூ’வோடு வருகிற பிள்ளையும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறது.

எழுத்துப் பிழை, பெரிய எழுத்து, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். அவை எழுத எழுதத் திருந்தும். தானாகத் திருந்தாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

பன்னிரண்டு காலங்களையும் முதல் கிழமையே பாடமாக்குவது

வேண்டாம். சாதாரண நிகழ்காலம், சாதாரண இறந்தகாலம், ‘இங்’ போட்டு வருவது. முதல் ஆறு மாதத்துக்கு இந்த மூன்றும் போதும்.

வசனத்தைத் தமிழ் ஒழுங்கில் அடுக்குவது

தமிழில் ‘மாடு நாயை முட்டியது’ என்றாலும் ‘நாயை மாடு முட்டியது’ என்றாலும் முட்டியது மாடுதான். ‘நாயை’ என்பதில் இருக்கிற ‘ஐ’ உருபு, முட்டு வாங்கியது யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் சொல்லை எங்கே வைத்தாலும் நமக்குக் கவலை இல்லை. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு இந்த உருபு கிடையாது. வினைக்கு முன்னால் நிற்பவர் செய்தவர், பின்னால் நிற்பவர் வாங்கியவர், அவ்வளவுதான். ‘த காவ் ஹிட் த டாக்’ என்பதில் மாட்டையும் நாயையும் இடம் மாற்றினால் நாய் மாட்டை முட்டிவிடும்.

இன்னொன்று, நாம் ‘வந்தேன்’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோம், ‘ஏன்’ என்ற விகுதியே ‘நான்’ என்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘கேம்’ என்று மட்டும் சொன்னால் வந்தது நானா, நீயா, ஊரா என்று தெரியாது. ஆள் கட்டாயம் முன்னால் நிற்க வேண்டும். மழை பெய்கிறது என்பதற்குக்கூட ஒரு பொம்மை ஆளை நிறுத்தி ‘இட் இஸ் ரெய்னிங்’ என்கிறார்கள். ‘எனக்கு இரண்டு பிள்ளைகள்’ என்பதை ‘டு மி’ என்று தொடங்குகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அங்கே ‘ஐ ஹேவ்’ என்று ஆளை முன்னே தள்ள வேண்டும்.

‘நேற்று வந்த பெடியன்’ என்று நாம் விளக்கத்தை முன்னால் வைப்போம், அவர்கள் பெடியனை முதலில் காட்டிவிட்டு ‘ஹூ கேம் யெஸ்டர்டே’ என்று வாலில் தொங்கவிடுவார்கள். பத்து வசனம் மாற்றி எழுதிப் பார்த்தால் கை பழகிவிடும்.

‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ மூன்றையும் எல்லாவற்றிலும் ஒட்டுவது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2010இல் மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த நேரம், ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உதவியாளராக இருந்தேன். ‘இங்கிலீசு தெரிந்த பெடியன்’ என்று ஊரில் பெயர். அந்த வீட்டுத்திட்டத்தில் காசு பகுதி பகுதியாக வரும்: அத்திவாரத்துக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று. தருமபுரம் பக்கம் ஓர் அம்மா, துணைக்கு ஆள் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். சுவர் எழும்பி நின்றது, கூரைக்காசு வரவில்லை. மரக்காலைக்காரர் முற்பணம் இல்லாமல் மரம் அறுக்க மாட்டேன் என்றதால், காதில் கிடந்ததை அடகு வைத்து முற்பணத்தைக் கட்டிவிட்டா. மாரி வருமுன் கூரை ஏற்ற வேண்டும் என்ற அவசரம். “தம்பி, இதை வடிவா எழுதி அனுப்பிவிடு, காசைக் கெதியாய்த் தருவினம்” என்று சொல்லித் தேத்தண்ணியும் தந்தா.

நான் வடிவாகத்தான் எழுதினேன். ‘அவ கூரைக்குக் காசு கட்டியிருக்கிறா’ என்று மனத்தில் தமிழில் நினைத்து, சொல்லுக்குச் சொல் மாற்றி, ‘ஷி இஸ் பெயிட் ஃபார் த ரூஃப்’ என்று எழுதி அனுப்பினேன்.

தலைமை அலுவலகத்தில் அதை வாசித்தவருக்கு என்ன விளங்கும்? கூரைக்கான காசு அவவுக்குக் கொடுபட்டாயிற்று என்றுதான். அவர் அந்த அம்மாவின் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டுக் கோவையை மூடிவிட்டார். மூன்று மாதம் கழித்து, ‘ஏன் இந்த வீடு இன்னும் முடியவில்லை’ என்று அவர்களே என்னைக் கேட்டபோதுதான் விசயம் வெளியே வந்தது. அந்த மாரி முழுக்க அந்த மூன்று பேரும் நான்கு சுவருக்கு மேல் தறப்பாளைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். மரம் மரக்காலையிலேயே கிடந்தது, அடகுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. ‘இஸ்’ இருந்த இடத்தில் ‘ஹேஸ்’ இருந்திருந்தால் ‘அவ கட்டியிருக்கிறா’ என்று சரியாக வந்திருக்கும். பிழை என்னுடையது என்று போய்ச் சொன்னேன். “அது பரவாயில்லைத் தம்பி, காசு எப்ப வரும்?” என்று மட்டும் கேட்டா. ஏசியிருந்தால் இத்தனை வருசம் இது மனத்தில் உறுத்தியிருக்காது.

இந்தப் பிழை இரண்டு வழியால் வருகிறது. இரண்டையும் நாங்கள் படிப்பிக்கிறவர்கள்தான் திறந்துவிடுகிறோம் என்பதுதான் எனக்குக் கோபம்.

முதல் வழி, அறிமுகப் பாடம். ‘ஐ ஆம் எ ரீச்சர், நான் ஆசிரியர்’ என்று கரும்பலகையில் எழுதுகிறோம். தமிழில் ‘நான் ஆசிரியர்’ என்பதில் வினையே இல்லை, நமக்கு அது தேவையும் இல்லை. பிள்ளை இரண்டு வரியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ‘ரீச்சர்’ என்றால் ஆசிரியர், அப்படியானால் மிச்சமாக இருக்கிற ‘ஐ ஆம்’ முழுவதும் ‘நான்’. கணக்குச் சரி! அந்த நிமிடத்திலிருந்து எல்லா ‘நான்’களும் ‘ஐ ஆம்’ ஆகிவிடும். ‘ஐ ஆம் லிவ்’, ‘ஐ ஆம் ட்ரைவ்’, ‘ஐ ஆம் நாட் நோ’. ஓட்டோப் பெடியனின் பிழை இந்த வழியால் வந்தது, ‘ஐ லிவ்’, ‘ஐ ட்ரைவ்’ என்றால் போதும்.

இரண்டாவது வழி ‘இரு’ என்ற நம்முடைய வினை. ‘இருக்கிறேன்’ என்றால் ‘ஆம்’, ‘இருக்கிறா’ என்றால் ‘இஸ்’ என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். ‘அம்மா வீட்டில் இருக்கிறா’ என்பதற்கு அது பொருந்தும். ஆனால் ‘கட்டியிருக்கிறா’, ‘வந்திருக்கிறேன்’ என்பவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘இரு’ வேறு வேலை செய்கிறது, செயல் முடிந்துவிட்டது என்று சொல்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலைக்கு ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ என்று தனி ஆட்கள் இருக்கிறார்கள். அந்த இடத்தில் ‘இஸ்’ஸைப் போட்டால் வசனம் சும்மா பிழையாகி நிற்காது, பல வினைகளில் தலைகீழாகப் புரண்டுவிடும்: செய்தவர் வாங்கியவர் ஆகிவிடுவார். அதனால்தான் இதை இவ்வளவு நேரம் இழுக்கிறேன். ‘ஐ ஆம் லிவ்’ என்றால் கேட்பவர் சமாளித்துக்கொள்வார். ‘ஐ ஆம் பெயிட்’ என்றால் சமாளிக்க எதுவுமில்லை, அது ‘எனக்குச் சம்பளம் தருகிறார்கள்’ என்ற முழு வசனம், இலக்கணத்தில் குற்றமே இல்லை. பிழையாகத் தெரியாத பிழையை எவர் திருத்துவார்?

இன்னோர் உதாரணம். பயிரழிவுக்கு நட்டஈடு கேட்டு ஒருவர் எழுதிக்கொண்டு வந்த கடிதத்தில், கட்டாக்காலி மாடு வயலில் மேய்ந்துவிட்டது என்று சொல்ல ‘த காவ் இஸ் ஈட்டன் இன் மை ஃபீல்ட்’ என்று இருந்தது. மாட்டை என் வயலில் வைத்துத் தின்றுவிட்டார்கள் என்று பொருள். நல்ல காலம், அனுப்ப முதல் காட்டினார். மாட்டுக்காரர் கண்ணில் பட்டிருந்தால் நட்டஈட்டை அவர்தான் கேட்டிருப்பார்.

சரி, ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ மூன்றையும் எப்போதுதான் போடுவது? தமிழ் வசனத்தின் வாலைப் பாருங்கள். வினையே இல்லாமல் முடிகிறதா (நான் ஆசிரியர், அவன் நல்லவன்; ‘எனக்கு இரண்டு பிள்ளைகள்’ மட்டும் முன்னே சொன்னபடி ‘ஹேவ்’), அல்லது ஓரிடத்தில் ‘இருக்கிறா’ என்று தனியாக நிற்கிறதா, போடுங்கள். ‘ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்று வருகிறதா, போட்டு வினையோடு ‘இங்’ சேருங்கள். ‘கொடுக்கப்பட்டது’ என்று ‘படு’ வருகிறதா, போட்டு வினையின் மூன்றாம் வடிவத்தைச் சேருங்கள், காலத்துக்கு ஏற்ப ‘வாஸ்’ஸோ ‘வேர்’ரோ ஆகும். தொடக்கத்தில் இவ்வளவும் போதும். ‘தினமும் போகிறேன்’, ‘போனேன்’, ‘போயிருக்கிறேன்’ மூன்றிலும் ‘ஆம்’ கிடையாது.

‘டிட்’ வந்த பிறகும் ‘வென்ட்’ என்பது

‘டிட் யூ வென்ட்?’ என்று கேட்காத ஆளை நான் இன்னும் காணவில்லை. ‘டூ’ என்பது ஒரு கூலியாள் மாதிரி. சாதாரண வசனத்தில் கண்ணில் படமாட்டார், கேள்வி கேட்டாலோ ‘இல்லை’ என்று சொன்னாலோ உடனே வந்து, வினையின் தலையில் இருக்கிற சுமையைத் தன் தலைக்கு மாற்றிக்கொள்வார். ‘ஷி கோஸ்’ என்பதில் இருக்கும் ‘ஸ்’ஸை அவர் வாங்கினால் ‘டஸ் ஷி கோ?’. ‘ஷி வென்ட்’ என்பதில் இருக்கும் இறந்தகாலத்தை வாங்கினால் ‘டிட் ஷி கோ?’. சுமையை இறக்கிய வினை வெறுங்கையோடு ‘கோ’ என்று நிற்கும். சேக்ஸ்பியர் காலத்தில் ‘நோ யூ?’ என்று கூலியாள் இல்லாமலும் கேட்டிருக்கிறார்கள். நாம் பிந்திப் பிறந்துவிட்டோம், என்ன செய்வது.

அந்த ஒற்றை ‘ஸ்’

போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார்கள் என்று ஆளுக்கொரு விகுதியைப் பிழையில்லாமல் போடுகிற நமக்கு, அவர்கள் மிச்சம் வைத்திருக்கிற ஒரே ஒரு ‘ஸ்’ மறந்துபோகிறது.

‘ஓம்’ என்று தலையாட்டுவது

“நீ வரவில்லையா?” என்று கேட்டால் நாம் “ஓம், வரவில்லை” என்போம். கேள்வியோடு உடன்படுகிறோம். ஆங்கிலத்தில் உடன்பாட்டுக்கு இடமில்லை, உண்மை என்ன என்பதுதான் கணக்கு: வரவில்லை என்றால் ‘நோ’. என்னோடு வேலை செய்த ஒருவரிடம் வெளிநாட்டு அதிகாரி, ‘டோன்ட் யூ ஹேவ் எ லைசன்ஸ்?’ என்று கேட்டார். இவர் ‘ஓம், இல்லை’ என்ற எண்ணத்தில் பணிவாக ‘யெஸ்’ என்றார். அதிகாரி வாகனத் திறப்பைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இவர் முறிகண்டி வரை தேவாரம் பாடிக்கொண்டு ஓடினாராம்.

‘எ’, ‘அன்’, ‘த’

பிறகு பார்க்கலாம். இவற்றை விட்டதால் ஒருவருக்கும் கூரைக்காசு நின்றுபோனதில்லை.

முப்பது நாளில் சரளமான ஆங்கிலம்

ஏ9 ஓரத்து மின்கம்பத்தில் ஒட்டியிருப்பதைத்தானே சொல்கிறீர்கள்? காசைப் பையிலேயே வைத்திருங்கள்.

போனிடம் எழுதித்தரச் சொல்வது

பார்க்கலாம், பிழையில்லை. சொல்லின் பொருளுக்கும் உச்சரிப்புக்கும் நானும் பார்க்கிறேன். ஆனால் தமிழில் ஆளைச் சொல்லாமல் ‘எழும்புவார்’, ‘சமைப்பார்’ என்று எழுதிக் கொடுத்தால் அதற்கு ஆணா பெண்ணா என்று எப்படித் தெரியும்? நம்முடைய ‘ஆர்’ மரியாதைக்குரிய எவருக்கும் பொது, ஆங்கிலத்தில் ‘ஹி’யோ ‘ஷி’யோ ஒன்றைப் பிடித்தாக வேண்டும். பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று ‘என் அம்மா’ என்ற கட்டுரையை இப்படித்தான் போனிடம் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தது. ‘ஆம்’, ‘இஸ்’ எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன, ஒரு ‘ஸ்’கூட விடுபடவில்லை. முதல் வசனம் தவிர மற்ற எல்லாவற்றிலும் அம்மா ‘ஹி’.

“பிள்ளை, இது ஆர்? அப்பாவோ?” என்று கேட்டேன்.

கொப்பியை வாங்கி ஒருக்கால் பார்த்துவிட்டுச் சொன்னது: “இல்லை சேர், அப்பா சமைக்க மாட்டார்.”