ஹோம்லேப்புக்கு லேயர் 3 சுவிட்ச்: ரவுட்டிங் வேகம் பார்த்து வாங்குவது எப்படி?

ஹோம்லேப்பில் (வீட்டில் நாமே அமைக்கும் சோதனை நெட்வொர்க்கில்) எல்லாக் கருவிகளும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கும்வரை எந்த சுவிட்ச்சும் போதும். கேமராவுக்கு ஒரு விலான் (VLAN, ஒரே சுவிட்ச்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்), சர்வருக்கு ஒன்று, போன்களுக்கு ஒன்று என்று பிரித்ததும்தான் ஒரு விலானிலிருந்து இன்னொன்றுக்கு பாக்கெட்டை (டேட்டாவின் சிறு துண்டை) யார் ரவுட் செய்வது, அதாவது வழி பார்த்து அனுப்புவது, என்ற கேள்வி வருகிறது. பெட்டியில் "லேயர் 3" (ரவுட்டிங்கும் செய்யும் சுவிட்ச்) என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அந்த வேலையைப் பாக்கெட் அனுப்பவென்றே உள்ள சிப் செய்கிறதா, சிபியு செய்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு காசு கொடுங்கள்.

படி 1: விலான் தாண்டும் டிராஃபிக்கை எழுதுங்கள்

போனும் டிவியும் இன்டர்நெட்டுக்குப் போவதை ரவுட்டர் பார்த்துக்கொள்ளும். நமக்குக் கவலை பேக்கப், வீடியோ கோப்புகள், விர்ச்சுவல் மெஷின் டிஸ்க் போன்ற பெரிய சுமைகள்தான். ஸ்டோரேஜ் பெட்டியையும் அதைப் பயன்படுத்தும் சர்வரையும் ஒரே விலானில் வைக்க முடிந்தால் அங்கே ரவுட்டிங்கே கிடையாது. அப்படியென்றால் சாதாரண மேனேஜ்டு (விலான் செட் செய்ய முடிகிற) சுவிட்ச்சே போதும், செலவும் குறையும்.

படி 2: டேட்டாஷீட்டைப் படியுங்கள்

ஒரு கிகாபிட் போர்ட் 24, பத்து கிகாபிட் போர்ட் 4 உள்ள சுவிட்ச்சை எடுத்துக்கொள்வோம். 24 + 40 = 64. இரு திசையும் சேர்த்தால் 128 ஜிபிபிஎஸ். "ஸ்விட்சிங் கெபாசிட்டி" என்று பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் இந்தக் கூட்டல்தான். ரவுட்டிங் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

அடுத்தது ஒரு நொடிக்கு எத்தனை பாக்கெட் என்ற கணக்கு. 64 பைட் பாக்கெட்டாக வந்தால் ஒரு கிகாபிட் போர்ட்டில் நொடிக்கு 14.88 லட்சம் பாக்கெட் வரும். 1500 பைட் என்றால் சுமார் 81,000 மட்டுமே. அதனால் எந்த அளவு பாக்கெட்டை வைத்துச் சோதித்தார்கள் என்பதையும் பாருங்கள்.

படி 3: ரவுட்டிங் யார் கையில்?

இதுதான் முக்கியமான படி. சுவிட்ச்சில் உள்ள சிபியு நிர்வாகத்துக்காக வைத்தது, பொதுவாக பலம் குறைந்தது. பாக்கெட்டுகள் அதன் வழியாகப் போக ஆரம்பித்தால் வேகம் சில நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடலாம். உதாரணத்துக்கு, மைக்ரோடிக் நிறுவனத்தின் சிஆர்எஸ்3 சுவிட்ச் வரிசையில் சிப் வழி ரவுட்டிங் அதன் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 7-இல்தான் வந்தது. அதே பெட்டி பதிப்பு 6-இல் சிபியு வழியாகவே ரவுட் செய்யும். பதிப்பு 7 இருந்தாலும் ஹார்டுவேர் ஆஃப்லோடு (வேலையைச் சிப்பிடம் ஒப்படைக்கும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்கில் பார்க்க வேண்டும்.

ரவுட் (எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி), ஏஆர்பி (எந்த ஐபிக்கு எந்தக் கருவி) அட்டவணைகளின் அளவையும் ஒரு கண் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு விலானுக்குச் சின்ன அட்டவணையே தாங்கும். ஐபிவி6 (புதிய ஐபி முகவரி முறை) வேண்டுமென்றால் அதுவும் சிப்பிலேயே ரவுட் ஆகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

படி 4: ஃபயர்வாலை மறக்காதீர்கள்

சுவிட்ச்சின் ஏசிஎல் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிப் பட்டியல்) பொதுவாக முந்தைய தொடர்பை நினைவில் வைத்துக்கொள்ளாது. "லேப்டாப் கேமராவைத் திறக்கலாம், கேமரா தானாக லேப்டாப்பைத் தொடக்கூடாது" என்ற விதியை ஒழுங்காகக் காக்க ஸ்டேட்ஃபுல் (தொடர்பை நினைவில் வைக்கும்) ஃபயர்வால் வேண்டும். என்ஏடியும் (வீட்டு ஐபிகளை வெளி ஐபியாக மாற்றுவது) அங்கேதான். அதனால் கேமரா விலானின் கேட்வே (அந்த விலானிலிருந்து வெளியே போகும் வாசல்) ஃபயர்வாலில் இருக்கட்டும், சர்வர் விலான்களின் கேட்வே மட்டும் சுவிட்ச்சில் இருக்கட்டும். சுவிட்ச்சையும் ஃபயர்வாலையும் இணைக்கத் தனியாக ஒரு சின்ன டிரான்சிட் விலான் போடுங்கள். சுவிட்ச்சுக்குப் பின்னால் உள்ள நெட்வொர்க்குகளுக்கு ஃபயர்வாலில் ஸ்டாட்டிக் ரவுட் (நாமே எழுதி வைக்கும் நிலையான வழி) எழுதுங்கள். ஒரே சர்வர் விலானில் சுவிட்ச், ஃபயர்வால் இரண்டுக்கும் ஐபி கொடுத்தால் பாக்கெட் ஒரு வழியாகப் போய் வேறு வழியாகத் திரும்பும், ஃபயர்வால் அதை வெட்டிவிடும். புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

படி 5: சத்தமும் மின்சாரமும்

பழைய டேட்டாசென்டர் சுவிட்ச்சில் ரவுட்டிங் அருமையாக இருக்கும். ஆனால் அதன் குட்டி ஃபேன்கள் படுக்கையறைக்கு ஆகாது. இரவு பகலாக ஓடும் பெட்டி என்பதால் வாட் கணக்கும் பாருங்கள்.

படி 6: திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள் அளந்துவிடுங்கள்

கிகாபிட் போர்ட்டில் இரண்டு கணினிகளை ஒரே விலானில் வைத்து ஐபெர்ஃப்3 (நெட்வொர்க் வேகம் அளக்கும் மென்பொருள்) ஓட்டுங்கள். சுமார் 940 எம்பிபிஎஸ் வர வேண்டும். அப்புறம் ஒன்றை வேறு விலானுக்கு மாற்றி, சுவிட்ச்சையே கேட்வேயாக வைத்து மறுபடி ஓட்டுங்கள், எதிர்த் திசையிலும் பாருங்கள். ஓடும்போதே சுவிட்ச்சின் சிபியு பக்கத்தைத் திறந்து வையுங்கள். வேகம் மாறாமல், சிபியு அசையாமல் இருந்தால் சரி. சிபியு 100 சதவீதம் தொட்டால் ஃபர்ம்வேரையும் ஆஃப்லோடு செட்டிங்கையும் சரிபாருங்கள். அதற்குப் பிறகும் சிபியு சுமை இறங்கவில்லை என்றால் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள்.