கிரியோல் பேசும் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்து: வகுப்பறைத் துணைக்கருவிகளை நாமே செய்யும் முறை

மொரீசியசில் முதல் வகுப்பில் தமிழ் எடுக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர், அந்த மொழியைப் பேசிப் பழகிய பிறகு எழுதக் கற்க வருவதில்லை. வீட்டில் கிரியோல் (பிரெஞ்சின் அடிப்படையில் உருவான மொரீசியசின் பேச்சுமொழி), பிற பாடங்களில் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்றிருக்கும் நிலையில், தமிழ் ஒலியும் தமிழ் எழுத்தும் ஒரே நாளில் அவர்கள் முன் வந்து நிற்கின்றன. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் உருவாக்கும் பாடநூல்கள் நம் கையில் இருக்கின்றன. ஆனால் ஒரு குழந்தை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பதை அந்த வகுப்பின் ஆசிரியர்தான் அறிவார். ஆகவே, அழகான சுவர்ப்படங்களைச் செய்து மாட்டுவதைவிட, ஒரு குறிப்பிட்ட தடுமாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கென ஒரு கருவியை, அதுவும் குழந்தையின் கையில் அசையக்கூடியதாகச் செய்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. சுவரில் தொங்கும் 247 எழுத்துகளின் அட்டவணையைக் குழந்தைகள் மூன்றாம் நாளிலிருந்து பார்ப்பதே இல்லை.

முதல் தடுமாற்றம் உயிர்மெய்க் குறியீடுகள். கிரியோலையும் பிரெஞ்சையும் இடமிருந்து வலமாக, ஒலிக்கும் வரிசையிலேயே எழுதிப் பழகும் குழந்தைக்கு, ஒலியில் பின்னால் வரும் எகரம் எழுத்தில் முன்னால் நிற்பது விளங்குவதில்லை. கொம்பும் காலும் இரு பக்கமும் நிற்கும் ஒகரமோ இன்னும் குழப்பம் தருகிறது. இதற்கு நகரும் பட்டைகள் கொண்ட ஓர் உறை செய்யலாம். தானியப் பெட்டியின் அட்டை போன்ற, வளைந்து கொடுக்கும் தடித்த அட்டையை எடுத்து, 12.5 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள உறையாக மடித்துப் பக்கவாட்டில் ஒட்டுங்கள். மேலும் கீழும் திறந்தே இருக்கட்டும். உறையின் முன்பக்க நடுவில் 12 சென்டிமீட்டர் அகலமும் 4 சென்டிமீட்டர் உயரமும் உள்ள சாளரம் ஒன்றை வெட்டுங்கள். பிறகு 4 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள மூன்று பட்டைகளைத் தயாரித்து, இரு முனைகளிலும் 3 சென்டிமீட்டர் விட்டுவிட்டு, இடைப்பகுதியை 4 சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். நடுப்பட்டையில் க, ச, ட, த, ப, ம ஆகிய ஆறு எழுத்துகள் வரும். இடப்பட்டையில் ஒரு வெற்றுக் கட்டம், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி ஆகியவையும், வலப்பட்டையில் ஒரு வெற்றுக் கட்டமும் துணைக்காலும் வரும். மற்றக் கட்டங்களைக் காலியாக விடுங்கள். குறிகளை, நடுவெழுத்தை ஒட்டி வருமாறு, கட்டத்தின் உள்விளிம்பில் எழுத வேண்டும். இல்லையேல் அவை தனித்தனி எழுத்துகளாகத் தோன்றும்.

பட்டைகளைக் குழந்தையே இழுக்கட்டும். "கெ" இருக்கும்போது வலப்பட்டையைக் கொஞ்சம் இழுத்தால் "கொ" ஆகிவிடுகிறது. இரட்டைக் கொம்புக்கு மாற்றினால் "கோ" வருகிறது. ஐகாரக் குறியும் துணைக்காலும் சேர்ந்து நின்றால், அப்படி ஓர் எழுத்து இல்லை என்பதைக் குழந்தையே சொல்ல வேண்டும். அந்தத் தவறான சேர்க்கையை நீக்கிவிடாதீர்கள், அதில்தான் கற்றல் நடக்கிறது. இகரத்தையும் உகரத்தையும் இந்த உறைக்குள் கொண்டுவர முயல வேண்டாம். கு, சு, து, மு என்று உகரம் பல வடிவங்கள் கொள்வதால், அவற்றுக்குத் தனி அட்டைகளே ஏற்றவை. பழைய புத்தகங்களிலிருந்து எழுத்துகளைப் பார்த்து வரைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் லை, ணை, னா போன்றவை வேறு வடிவில் இருக்கும்.

இரண்டாவது தடுமாற்றம் குறிலும் நெடிலும். உயிரின் நீளத்தால் பொருள் மாறுவதைக் கவனித்துப் பழகாததால், கல்லும் காலும் குழந்தையின் காதுக்கு ஒன்றாகவே ஒலிக்கின்றன. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற இலக்கண அளவையே அட்டையின் அகலமாக்கிவிடலாம்: குறில் எழுத்தை 4 சென்டிமீட்டர் அகல அட்டையிலும், நெடில் எழுத்தை 8 சென்டிமீட்டர் அகல அட்டையிலும் எழுதுங்கள். பல் – பால், படம் – பாடம், எடு – ஏடு என இணைகளை வைத்துக்கொண்டு, ஆசிரியர் சொல்லச் சொல்ல, குழந்தை உரிய அட்டையைத் தேர்ந்து, அதன் மேல் விரலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்த்தியபடியே ஒலிக்க வேண்டும்.

ககரம் ஒன்றே "கல்", "தங்கம்", "மகன்" ஆகிய சொற்களில் மூன்று விதமாக ஒலிப்பதற்கு, சொல்லட்டைகளைக் கேட்கும் ஒலிப்படி மூன்று கிண்ணங்களில் பிரித்துப் போடும் பயிற்சி போதும். ல, ள, ழ வேறுபாட்டுக்கு வலி – வழி, பல்லி – பள்ளி என்ற இணைகளைப் படங்களோடு செய்து வைக்கலாம். ஆனால் அதை அட்டை சரிசெய்யாது, ஆசிரியரின் வாயைப் பார்த்துப் பழகுவதே சரிசெய்யும்.

முதல் படச்சொல் அட்டைகளுக்கான சொற்களைக் குழந்தையின் சமையலறையிலிருந்தே எடுங்கள். வீட்டில் "ப்ரேட் மூரூம்", "கொத்தோமிலி", "காரிபூலே", "பிப்பாங்காய்" என்று அன்றாடம் சொல்லும் குழந்தைக்கு முருங்கை, கொத்தமல்லி, கறிவேப்பிலை, பீர்க்கங்காய் ஆகியவை பாதி தெரிந்த சொற்களே. படத்துக்குப் பதில் உண்மையான இலையை ஒட்டலாம். கறிவேப்பிலையைத் தடித்த புத்தகத்துக்குள் வைத்து உலர்த்தி, அகலமான ஒட்டுநாடாவால் மூடினால் போதும். முருங்கையின் சிற்றிலைகள் காம்பிலிருந்து எளிதில் உதிர்வதால், அதைப் பறித்த அன்றே ஒட்டிவிட வேண்டும். பெரிய வகுப்புகளுக்கு நம் ரூபாய்த் தாளிலேயே தமிழ் எழுத்து இருக்கிறது. ஒரு தாளைக் காட்டித் தமிழைத் தேடச் சொல்லுங்கள். கடை விளையாட்டுக்கான பணத்தை, நகலெடுக்காமல், மாணவர்களே வரையட்டும்.

அறை அறையாகச் சென்று பாடம் நடத்தும் ஆசிரியருக்கு, எல்லாம் ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடங்க வேண்டும். ஜனவரியில் பள்ளி தொடங்கும் காலமே புயலும் ஈரமும் மிகுந்த காலம் என்பதால், ஒட்டுநாடா அட்டையின் நான்கு ஓரங்களையும் தாண்டி இருபுறமும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஓரம் திறந்திருந்தால் அந்த வழியே ஈரம் ஏறி அட்டை உப்பிவிடும். நகரும் பட்டைகளுக்கு மட்டும் நாடா ஒட்ட வேண்டாம், அவை உறைக்குள் சிக்கிக்கொள்ளும். அவை நைந்தபின் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் அளவைக் கொடுத்தால், அவர்களே சின்னவர்களுக்காக எழுதித் தருவார்கள். வகுப்பில் கொடுக்கும் முன், இன்னொரு தமிழாசிரியர் ஒவ்வோர் அட்டையையும் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.