மிக்ஸி ஆன் ஆகலையா? கடைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாத்துருங்க

காலைல ஏழு மணி, தேங்காயும் பொட்டுக்கடலையும் பாதி அரைஞ்சு நிக்குது, இட்லி வேற வெந்தாச்சு, மிக்ஸி சுவிட்சைத் திருப்பினா ஒரு சத்தமும் இல்ல. இந்த நிலைமைல எங்க வீட்ல மூணு நாலு தடவை மாட்டியிருக்கோம். ஒவ்வொரு தடவையும் "மோட்டார் போச்சு"ன்னுதான் அம்மா முதல்ல சொல்லும், ஆனா ஒரே ஒரு தடவைதான் நிஜமாவே மோட்டார் போச்சு. மத்ததெல்லாம் சில்லறை விஷயம். அதனால புதுசு வாங்க ஆஃபர் பாக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுமையா பாருங்க.

முதல்ல ஒண்ணு தெளிவாயிக்கணும், மிக்ஸி சுத்தமா பேச்சு மூச்சில்லாம கெடக்கா, இல்ல "உம்ம்ம்"னு உறுமிட்டு சுத்தாம நிக்குதா? உறுமுதுன்னா கரண்ட் மோட்டார் வரைக்கும் வருதுன்னு அர்த்தம், ஆனா ஏதோ புடிச்சிக்கிட்டு இருக்கு. உடனே ஆஃப் பண்ணிருங்க, உறுமிட்டே விட்டா காயில் (மோட்டாருக்குள்ள சுத்தியிருக்கற செம்புக் கம்பி) நிஜமாவே வெந்துரும். பிளக்கைப் புடுங்கிட்டு ஜாரைத் தூக்கி, ஜாருக்கு அடியில இருக்கற கப்ளரைக் கையால சுத்திப் பாருங்க. கல்லு மாதிரி நின்னா பிளேடு இறுகியிருக்கு, தப்பு ஜார்லதான், மிக்ஸில இல்ல. ரொம்ப நாள் எடுக்காத சின்ன சட்னி ஜார்ல இது அடிக்கடி வரும், புஷ் (பிளேடு தண்டைத் தாங்கற வளையம்) உள்ள துரு ஏறி பிடிச்சிரும். கொஞ்சம் தேங்கா எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வெச்சா பாதி ஜார் இளகிரும், இளகலைன்னா கடைல புஷ் மாத்திக் குடுப்பாங்க.

உறுமலும் இல்லன்னா பிளக் பாயிண்ட்டுக்கு வாங்க. இங்கதான் நான் நல்லா அசிங்கப்பட்டேன். பாயிண்ட்ல டெஸ்டர் வெச்சுப் பாத்தேன், பளிச்சுன்னு எரிஞ்சுது, கரண்ட் இருக்குன்னு அம்மாகிட்ட அடிச்சு சொல்லிட்டு மிக்ஸியை பழைய பெட்ஷீட்ல சுத்தி வண்டி முன்னாடி வெச்சுக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர் போய் மெக்கானிக் கடைல இறக்கினேன். அவர் பிளக்கை சொருகினாரு, திருப்பினாரு, வீல்னு ஓடுது. "தம்பி, மிக்ஸி நல்லாத்தான் இருக்கு, நீங்க வீட்டு பாயிண்ட்டைல்ல கழட்டிக் கொண்டு வந்திருக்கணும்"னாரு. கடைல நின்ன நாலு பேரும் சிரிச்சாங்க.

விஷயம் என்னன்னா டெஸ்டர் ஃபேஸ், அதாவது கரண்ட் வர்ற ஒயர், இருக்கான்னு மட்டும்தான் சொல்லும். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற ஒயர், பாயிண்ட்டுக்கு உள்ள கழண்டு கெடந்தாலும் டெஸ்டர் எரியும், ஆனா கரண்ட் திரும்பிப் போக வழியில்லாததால எந்த சாமானும் ஓடாது. சரி, போன் சார்ஜரை சொருகிப் பாத்தா போச்சுன்னு நினைப்பீங்க, அதையும் முழுசா நம்பாதீங்க. சார்ஜருக்கு வேண்டிய கரண்ட் ரொம்பக் கம்மி, லூஸா தொட்டுக்கிட்டு இருக்கற ஒயர்லயே அது சார்ஜ் ஏத்திரும், 750 வாட்ஸ் மிக்ஸி அதே ஒயர்ல திணறும். அயர்ன் பாக்ஸைக் கொண்டு வந்து சொருகுங்க, அது சூடானா பாயிண்ட் நல்லா இருக்குன்னு நம்பலாம். இல்லன்னா மிக்ஸியைத் தூக்கிட்டுப் போய் ஹால்ல வேற பாயிண்ட்ல போட்டுப் பாருங்க, அது இன்னும் சுளுவு. பாயிண்ட் பக்கத்துல கருகின வாசனையோ பிளாஸ்டிக் பழுப்பா உருகின தடமோ இருந்தா அதை எலக்ட்ரீஷியன் வந்து மாத்துற வரைக்கும் தொடாதீங்க.

மிக்ஸியைப் போட்ட உடனே மெயின் டிரிப் ஆகி வீடே இருட்டாச்சுன்னா அது வேற கதை. உள்ள தண்ணி போயிருக்கும், இல்ல ஒயர் பாடில தொட்டிருக்கும். திரும்பத் திரும்ப மேல தூக்கி விட்டு டெஸ்ட் பண்றவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம். அந்த டிரிப்பர் உங்க உசிருக்காக மாட்டினது.

பாயிண்ட் ஓகேன்னா அடுத்தது ஜார் லாக். இப்ப வர்ற நிறைய மாடல்ல ஜார் சரியா உக்காரலைன்னா சுவிட்சே வேலை செய்யாது, ஜார் உக்கார்ற இடத்துல சின்னதா ஒரு பின் இருக்கும், ஜாரைத் திருப்பினா அது அழுங்கணும். அந்தப் பின்னைச் சுத்தி தோசை மாவு வழிஞ்சு காஞ்சு சிமெண்ட் மாதிரி ஆயிருக்கும். பழைய டூத் பிரஷை லேசா நனைச்சு தேச்சு எடுத்துட்டு, காஞ்ச துணியால தொடைச்சிட்டு, ஜாரை மறுபடி மாட்டி "டக்"னு கேக்கற வரைக்கும் திருப்புங்க. பழைய மாடல்ல இந்த லாக் கிடையாது, 2011-ல அரசாங்கம் குடுத்த விலையில்லா மிக்ஸி எங்க அத்தை வீட்ல இன்னும் ஓடிட்டு இருக்கு, ஜாரே இல்லாட்டியும் சுத்தும்.

இப்ப முக்கியமான ஆளுக்கு வருவோம், ஓவர்லோட் பட்டன். மிக்ஸிக்கு அடியில, பெரும்பாலும் செவப்பா, சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரு பட்டன் இருக்கும் (சிலதுல கறுப்பா பின்பக்கம் இருக்கும்). அரைச்சிட்டு இருக்கும்போதே பட்டுனு நின்னு போச்சுன்னா பத்துக்கு எட்டு தடவை இவன்தான்னு நான் கண்ணை மூடிட்டு சொல்லுவேன். மோட்டார் அளவுக்கு மேல கரண்ட் இழுத்தா உள்ள இருக்கற ஒரு உலோகத் தகடு சூடாகி வளைஞ்சு கரண்ட்டை அறுத்துரும், பட்டன் கொஞ்சம் வெளிய துருத்திக்கிட்டு வந்து நிக்கும்.

என்ன பண்ணணும்னா சுவிட்சை சைபருக்குத் திருப்புங்க, பிளக்கைப் புடுங்குங்க, ஜாரைக் கழட்டி வைங்க, அப்புறம்தான் மிக்ஸியைச் சாய்க்கணும். சிரிக்காதீங்க, அவசரத்துல ஜாரோட சாய்ச்சு ஒரு ஜார் தக்காளி சட்னியை அடுப்பு மேடைல கொட்டினவன் நான். 5 நிமிஷம் ஆற விட்டு பட்டனை விரலால அமுக்குங்க, "க்ளிக்"னு உக்காரும். உக்காராம திரும்பத் திரும்ப வெளிய வந்தா தகடு இன்னும் சூடா இருக்குன்னு அர்த்தம், இன்னும் பத்து நிமிஷம் விடுங்க. சில மாடல்ல பட்டனே இருக்காது, ஆறினா தானா சரியாகிற மாதிரி உள்ள வெச்சிருப்பாங்க, அதுக்கு அரை மணி நேரம் கூட ஆகலாம், அந்த நேரத்துக்கு அம்மில அரைங்க.

பட்டனை அமுக்கினதும் ஓடிருச்சுன்னு அப்படியே விட்டுறாதீங்க, எதுக்கு விழுந்துச்சு, அதாவது வெளிய வந்துச்சுன்னு யோசிங்க. ஜார் கழுத்து வரைக்கும் போட்டீங்களா, தண்ணியே விடாம உளுந்து அரைச்சீங்களா, ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த தேங்காயை பெரிய துண்டா போட்டீங்களா? சாயங்கால நேரத்துல வோல்டேஜ் 230-ல இருந்து ரொம்ப இறங்கினாலும் மோட்டார் திணறி சூடாகும். அப்புறம் அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல 30 நிமிஷம்னு போட்டிருப்பாங்கல்ல, அதைப் பாத்துட்டு அரை மணி நேரம் விடாம ஓட்டலாம்னு நிறைய பேர் நினைக்கறாங்க. அப்படி இல்ல, 5 நிமிஷம் ஓட்டி 2 நிமிஷம் நிறுத்தி, மறுபடி 5 நிமிஷம், இப்படித்தான் அந்தக் கணக்கு. காலி ஜார்லயும் பட்டன் விழுதுன்னா பேரிங்கோ காயிலோ கெட்டிருக்கு, கடைக்குக் கொண்டு போங்க. பட்டன் அடிக்கடி விழுதேன்னு பட்டனுக்கு வர்ற ரெண்டு ஒயரையும் சேத்து முறுக்கி டைரக்ட் குடுத்துக்கற கெட்டிக்காரத்தனம் சில பேருக்கு உண்டு. அதோட முடிவு அடுத்த தடவை திணறும்போது காயில் புகைஞ்சு சமையக்கட்டெல்லாம் நாறும், அவ்வளவுதான்.

பட்டனும் சரின்னா ஒயரைப் பாருங்க. மிக்ஸிக்குள்ள ஒயர் நுழையற இடம், பிளக்குக்குப் பக்கம், இந்த ரெண்டு இடத்துலதான் உள்ள செம்புக் கம்பி ஒடியும், வெளிய ரப்பர் நல்லா இருக்கற மாதிரியே தெரியும். வேலை முடிஞ்சதும் ஒயரை மிக்ஸி கழுத்தைச் சுத்தி இறுக்கிக் கட்டுற வீடுகள்ல இது சீக்கிரமே வரும். மல்டிமீட்டர் இருந்தா பிளக்கை வெளிய எடுத்து வெச்சிட்டு ரெண்டு பின்லயும் (மூணு பின் பிளக்னா பெரிய எர்த் பின்னை விட்டுட்டு) மீட்டர் கம்பியை வெச்சு, ஜார் லாக் இருக்கற மாடல்னா ஜாரையும் மாட்டி, மிக்ஸி சுவிட்சை ஒண்ணுல வெச்சு, ஓம் அளவைப் பாருங்க. ஏதாவது நம்பர் காட்டினா கரண்ட் போக வழி முழுசா இருக்குன்னு அர்த்தம், எதுவுமே காட்டலைன்னா எங்கியோ அறுந்திருக்கு. அப்படியே ஒயரை அந்த ரெண்டு இடத்துலயும் வளைச்சு வளைச்சுப் பாருங்க, நம்பர் வந்து வந்து போச்சுன்னா ஒயர்தான் திருடன். அளவு பாத்து புது ஒயர் போட்டுக்கலாம். நடுவுல வெட்டி இன்சுலேஷன் டேப் ஒட்டுறது சமையக்கட்டுக்கு ஆகாது, ஈரக்கை பட்ற இடம்.

இதுக்கு மேல அடித்தட்டைக் கழட்டணும். வாரண்டி இருந்தா கழட்டாதீங்க, நேரா சர்வீஸ் செண்டருக்குப் போங்க. வாரண்டி முடிஞ்சிருந்தா, பிளக்கைப் புடுங்கியாச்சான்னு ரெண்டாவது தடவையும் பாத்துட்டு ஸ்க்ரூவைக் கழட்டுங்க. உள்ள ஒயர் எப்படி எப்படி இருக்குன்னு போன்ல நாலு போட்டோ எடுத்துக்குங்க, "ஞாபகம் இருக்கும்"னு நினைப்போம், இருக்காது.

முதல்ல பாக்க வேண்டியது கார்பன் பிரஷ். பிரஷ்னதும் முடி வெச்சதைத் தேடாதீங்க, கறுப்பா கரித்துண்டு மாதிரி, பின்னாடி ஒரு ஸ்ப்ரிங்கோட, மோட்டாருக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணா இருக்கும். மோட்டாருக்கு நடுவுல சுத்துற பாகமான ஆர்மேச்சர்ல செம்புப் பட்டை பட்டையா ஒரு வளையம் தெரியும், அதை உரசிக்கிட்டே கரண்ட்டைக் கடத்துறது இதோட வேலை. ஆர்மேச்சர் வெறுமனே ஓடும்போது நிமிஷத்துக்கு 18,000 சுத்து கூட சுத்தும், அந்த வேகத்துல உரசினா தேயாம என்ன செய்யும்? நான் முதல் தடவை கழட்டினப்ப ஒரு பக்கத்து பிரஷ் பருப்பு சைசுக்குத் தேஞ்சு ஸ்ப்ரிங் எட்டாம அந்தரத்துல நின்னுச்சு, பக்கத்துல கரித்தூள் மை மாதிரி அப்பியிருந்துச்சு. இந்தக் கேஸ் திடீர்னு வராது, சில வாரமாவே உள்ள நீலப் பொறி தெரியும், ஒரு தட்டு தட்டினா ஓடும், அப்புறம் தட்டினாலும் ஓடாது. மாத்தினா ஜோடியா மாத்துங்க, பழசை சாம்பிளுக்கு எடுத்துட்டுப் போங்க, ஜோடி நூறு ரூபாய்க்குள்ளதான் எனக்கு ஆச்சு. செம்பு வளையம் கறுத்திருந்தா ஜீரோ நம்பர் உப்புத்தாளால மெதுவா தொட்டு எடுத்து தூளை ஊதிருங்க. புது பிரஷ் போட்டதும் கொஞ்ச நேரம் பொறி அடிக்கும், காலி ஜாரை வெச்சு ஒண்ணாம் நம்பர்ல ரெண்டு நிமிஷம் ஓட்டினா பதிஞ்சுரும்.

பிரஷ் நல்லா இருந்தா திருப்பற சுவிட்ச். ஒண்ணுல ஓடல ரெண்டுல ஓடுது, பின்பக்கம் திருப்பி விப்பர்ல (கையால பிடிச்சிருக்கற வரைக்கும் மட்டும் ஓடற பக்கம்) மட்டும் ஓடுதுன்னா சந்தேகமே வேணாம், பெரும்பாலும் சுவிட்ச்தான். எங்க வீட்டு சுவிட்சைக் கழட்டினா காண்டாக்ட் தகட்டுக்கு நடுவுல ஒரு குட்டிக் கரப்பான் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, மீசை உட்பட. மிக்ஸி உள்ள இளஞ்சூடு, மேல இருந்து விழற உணவுத் துணுக்கு, கரப்பானுக்கு அதைவிட நல்ல வீடு எங்க கெடைக்கும். தகடு கருகியிருந்தா சுரண்டிட்டு இருக்காதீங்க, புது சுவிட்ச் போட்டுருங்க, ஒயரை ஒவ்வொண்ணா பழசுல இருந்து எடுத்து புதுசுல மாட்டினா குழப்பம் வராது.

ஜார் ஒழுகி உள்ள தண்ணி போயிருந்தா அடித்தட்டைத் திறந்தபடி ரெண்டு நாள் நல்ல வெயில்ல வைங்க, அதுக்குள்ள ஆசைப்பட்டு போட்டுப் பாக்காதீங்க. உள்ள வார்னிஷ் கருகின நாத்தம் தூக்கலா வந்து காயில் கறுத்துப் போயிருந்தா அது நம்ம கைல இல்ல, காயில் கட்ட எவ்வளவுன்னு கடைல கேட்டுட்டு, புது மிக்ஸி விலைல பாதிக்கு மேல சொன்னா நான் கட்டமாட்டேன்.

கடைக்கு எடுத்துட்டுப் போற மாதிரி ஆச்சுன்னா ஜாரையும் கூடவே கொண்டு போங்க, முக்கியமா கடைசியா எதுல அரைச்சீங்களோ அதை. இல்லன்னா "ஜார் எங்க தம்பி?"ன்னு கேட்டு உங்களை இன்னொரு நடை நடக்க விடுவாங்க. கழுவிட்டு எடுத்துட்டுப் போங்க.