புதுச்சேரியின் சோழிக் கணக்கு: அறிவியல் வரலாற்றுச் செய்தி ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் முறை

தமிழரின் பழைய வானியல் பற்றி இரண்டு செய்திகள் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. 1765 ஆகஸ்ட் 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைத் தமிழ்க் கணிதர் ஒருவர் 41 விநாடி மட்டுமே குறைவாகக் கணித்தார் என்றும், ஐரோப்பாவில் அப்போது புகழ்பெற்றிருந்த ஜெர்மானிய வானியலாளர் தோபியாஸ் மாயரின் சந்திர அட்டவணை அதே கிரகணத்தை 68 விநாடி மிகுதியாகக் காட்டியது என்றும் பிரெஞ்சு வானியலாளர் கியோம் லெ ஜென்டிலின் பெயரால் சொல்லப்படுவது முதல் செய்தி. 1825 மே 31 இரவின் கிரகணத்தைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கிக் கணித்தபோது, தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழை ஏற்பட்டது என்பது இரண்டாவது செய்தி. பெருமை பேச விரும்புவோர் முதலாவதையும், மட்டம் தட்ட விரும்புவோர் இரண்டாவதையும் எடுத்துக்கொள்கிறார்கள். இவ்வகைச் செய்தி ஒன்று கைக்கு வரும்போது அதை எவ்வாறு ஆராய வேண்டும் என்பதை இந்த எடுத்துக்காட்டைக் கொண்டே பார்க்கலாம்.

முதலில், செய்தியைப் பதிவு செய்தவர் யார், எப்போது, எந்த நோக்கத்துடன் பதிவு செய்தார் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சூரியனைக் கடக்கும் வெள்ளியைக் காண 1760இல் பிரான்சிலிருந்து புறப்பட்டவர் லெ ஜென்டில். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமானதால் அவர் கடலிலேயே தங்க நேர்ந்தது. எட்டாண்டுகள் காத்திருந்து 1769 ஜூனில் புதுச்சேரியில் தொலைநோக்கியை நிறுத்தியபோது மேகம் சூரியனை மறைத்துவிட்டது. அந்தக் காத்திருப்பின்போதுதான் அவர் உள்ளூர்க் கணித முறையைக் கற்றார். இரண்டாவது செய்தியைப் பதிந்த ஜான் வாரன் பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து ஆங்கிலேயப் படையில் பணியாற்றியவர். சென்னை வானாய்வகத்தின் பொறுப்பையும் சில ஆண்டுகள் வகித்தவர். நாள்காட்டி முறைகளை விளக்கும் அவருடைய ‘கால சங்கலிதம்’ 1825இல் சென்னையில் வெளிவந்தது. இரு பதிவுகளிலும் கணக்குப் போட்டவரின் குரல் நமக்கு நேரடியாகக் கிடைக்கவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது, நினைவாற்றல் மட்டுமே உண்டு என்னும் பொருள்பட வாரன் எழுதுகிறார். இது வாரனின் மதிப்பீடு. எந்த மொழியில், எந்தக் கேள்விகளைக் கேட்டு அவர் இந்த முடிவுக்கு வந்தார் என்பதைப் பொறுத்தே இதற்கு மதிப்புக் கொடுக்க முடியும்.

அடுத்து, செய்தியிலுள்ள எண்களை ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்க வேண்டும். பலர் தவிர்த்துவிடும் இந்த வேலைக்குப் பள்ளிக் கணக்கே போதும். வாரனின் பதிவில் தொடக்கப் பிழை கூட்டல் 4, முடிவுப் பிழை கழித்தல் 52. இவற்றின் சராசரி கழித்தல் 24 ஆகிறது. நடுப்பொழுதின் பிழையாகப் பதிவாகியிருப்பது கழித்தல் 23. ஆகவே பதிவு தனக்குள் முரண்படவில்லை. தொடக்கமும் முடிவும் எதிரெதிர்த் திசையில் பிழைத்திருப்பதால், கிரகணத்தின் மொத்த நீளத்தில் 56 நிமிட வேறுபாடு இருக்கிறது என்பதும் தெரிகிறது. சூரியனை ஒப்பிடச் சந்திரன் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ அரைப் பாகை நகர்கிறது என்பதால், 23 நிமிடப் பிழை வானத்தில் சுமார் 12 கலைதான் (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு). அது முழுநிலவின் விட்டத்தில் பாதிக்கும் குறைவு. நினைவிலிருந்த அட்டவணையையும் சோழிகளையும் மட்டுமே வைத்துப் பெற்ற விடைக்கு இது மோசமில்லை. ஆனால் 41 விநாடி என்பதை அந்த முறையின் வழக்கமான துல்லியமாகக் கொள்ளவும் இடமில்லை. ஒரே மரபைச் சேர்ந்த இரண்டு கணிப்புகளில், ஒன்றில் கால அளவு 41 விநாடியும் மற்றொன்றில் 56 நிமிடமும் பிழைக்கின்றன என்றால், முதலாவது தற்செயலாக நன்றாக அமைந்தது என்று கொள்வதே நேர்மையான வாசிப்பு என்பது என் கருத்து.

மூன்றாவது வேலைதான் இந்த ஆய்வின் மையம். ‘யார் முதலில்’ என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, ‘எந்த எண்ணை வைத்து, எந்த வழியில் கணித்தார்கள்’ என்று கேட்க வேண்டும். தமிழ், மலையாள மரபில் சந்திரனின் நிலையைச் சொல்ல 248 வாக்கியங்கள் வழங்கின. அவற்றை வரருசியின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். ஒவ்வொரு வாக்கியமும் கடபயாதி முறையில் எழுத்துகளை இலக்கங்களாக்கும். முதல் வாக்கியமான ‘கீர்ந: ச்ரேய:’ என்பதில் க-வரிசையின் மூன்றாம் எழுத்துக்கு 3, ந-வுக்கு 0, கூட்டெழுத்தில் கடைசியான ர-வுக்கு 2, ய-வுக்கு 1, வலமிருந்து இடமாகப் படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை. சந்திரன் மிக மெதுவாகச் செல்லும் இடத்திலிருந்து முதல் நாளில் நகரும் தொலைவு அது. கேரளக் கணிதரான மாதவர் பின்னர் இதை விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு) வரை திருத்தி 12 பாகை 2 கலை 35 விகலை என்று அமைத்தார்.

248 ஏன் என்பதை நாமே சரிபார்க்கலாம். சந்திரன் பூமிக்கு மிக அருகிலுள்ள புள்ளியிலிருந்து புறப்பட்டு மீண்டும் அதே நிலைக்கு வர ஏறத்தாழ 27.5546 நாள்கள் ஆகின்றன. இதன் 9 மடங்கு 247.99, அதாவது 248 நாள்களில் வேகமாற்றச் சுற்று 9 முறை முடிகிறது. இன்னும் நுட்பமாக வேண்டுமென்றால் 3031 நாள்களுக்கு 110 சுற்றுகள். அதன் நான்கு மடங்கோடு 248ஐக் கூட்டினால் 12372 நாள்களுக்கு 449 சுற்றுகள். வாக்கிய மரபு பயன்படுத்தும் எண்கள் இவையே.

இதே 248 பாபிலோனியக் களிமண் பலகைகளிலும், 248உம் 3031உம் எகிப்தில் கிடைத்த கிரேக்க மொழிப் பாப்பிரஸ் ஒன்றிலும், 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த ‘பஞ்ச சித்தாந்திகை’யின் வசிஷ்டப் பகுதியிலும் வருகின்றன. வாரன் பதிந்த முறையை இந்தத் தொடரோடு இணைத்து 1952இல் எழுதியவர் கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நொய்கெபவர். இங்கே அவசரப்படக் கூடாது. 27.5546 என்ற அளவைத் தொடர் பின்னமாக, அதாவது அதைப் படிப்படியாக நெருங்கும் எளிய பின்னங்களைத் தரும் வகையில், விரித்தால் 55/2, 248/9, 3031/110 என்ற வரிசை தானாகவே வருகிறது. ஆகையால் வானத்தைப் பொறுமையாகப் பார்க்கும் எந்தச் சமூகமும் 248ஐச் சென்றடைய முடியும். எண் ஒத்துப்போவது மட்டும் கடன்பெற்றதற்குச் சான்றாகாது. அதனுடன் வேறு அடையாளங்களும் சேர வேண்டும். வராகமிகிரர் தொகுத்தவற்றில் ரோமைச் சுட்டும் ரோமகம், பவுலோஸ் என்ற கிரேக்கப் பெயரை நினைவூட்டும் பௌலிசம் என்ற பெயர்களிலேயே இரண்டு சித்தாந்தங்கள் (வானியல் நூல்கள்) இருப்பதும், கேந்திரம், ஹோரை போன்ற கிரேக்க மூலச் சொற்கள் கலைச்சொற்களாக வழங்குவதும் அத்தகைய அடையாளங்கள்.

ஒரு மரபில் என்ன இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். சந்திரனின் ஓட்டத்தில் சூரிய ஈர்ப்பினால் உண்டாகும் இரண்டாவது பெரிய ஏற்றத்தாழ்வை 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் தாலமி தம் கணக்கில் சேர்த்துவிட்டார். ஆரியபட்டரிடமும் வாக்கியங்களிலும் அது இல்லை. இந்தியாவுக்கு வந்து சேர்ந்த கிரேக்க வானியல் தாலமிக்கு முந்தைய நிலையிலிருந்த வானியல் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுவதற்கு இந்த இன்மை முக்கியமான காரணம். வந்ததை அப்படியே வைத்திருந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. எண்களை நினைவில் நிறுத்தக்கூடிய வாக்கியங்களாக்கியதும், அவற்றை விகலை வரை கூர்மைப்படுத்தியதும் தென்னிந்தியக் கணிதர்களின் சொந்த வேலை.

பழமையைக் கணக்கிடும்போது ஒரு பொறியைத் தவிர்க்க வேண்டும். இந்திய அட்டவணைகள் கி.மு. 3102இல் தொடங்கும் கலியுகத்தை ஆரம்பப் புள்ளியாகக் கொண்டிருப்பதைப் பார்த்து, அந்த ஆண்டிலேயே வானத்தை நோக்கி அளந்திருக்கிறார்கள் என்று 1787இல் வாதிட்டார் பிரெஞ்சு வானியலாளர் பாய்யி. பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் அதை மறுத்தார்: கிரகங்களெல்லாம் ஒன்றுகூடும்படி பின்னோக்கிக் கணக்கிட்டுத் தேர்ந்துகொள்ளப்பட்ட நாள் அது. கணக்கின் தொடக்க நாள் வேறு, வானத்தைக் கண்டு அளந்த நாள் வேறு.

கடைசியாக, இன்றும் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருந்தால் அதைச் செய்துவிட வேண்டும். நம் நல்வாய்ப்பாக இங்கே ஒன்று இருக்கிறது. ஒரே ஆண்டுக்குரிய வாக்கியப் பஞ்சாங்கத்தையும், இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் வாங்கி, ஏதேனும் சில மாதங்களுக்குத் திதிகள் முடியும் நேரங்களை இரண்டு வரிசைகளில் எழுதிக்கொள்ள வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டுக்கும் வேறுபாடு பொதுவாகக் குறைவாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிய சில நாள்களில் அது மணிக்கணக்கில் விரியும். தாலமி சேர்த்த அந்த இரண்டாவது ஏற்றத்தாழ்வு அமாவாசையிலும் பௌர்ணமியிலும் முதலாவதோடு கலந்து மறைந்துவிடுகிறது. அரைநிலா நாள்களில்தான் முழுவதுமாகத் தலைகாட்டுகிறது. வாக்கியக் கணக்குக் கிரகண நாள்களுக்குப் பொருந்துமாறு அமைந்தது என்பதை இந்த இரண்டு வரிசைகளிலிருந்தே வாசகர் கண்டுகொள்ளலாம்.