தனியாகத் தெரியாத கேலக்ஸிகளின் எக்ஸ்-கதிரை அடுக்கிப் பிடிப்பது எப்படி?

சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி தென் வானின் ஒரு சிறு துண்டை மொத்தம் 70 லட்சம் நொடிகள், அதாவது ஏறக்குறைய 81 நாட்கள், உற்றுப் பார்த்திருக்கிறது. சந்திரா டீப் ஃபீல்ட் சவுத் என்று பெயர். 2017இல் வந்த அதன் முதன்மைப் பட்டியலில் 1008 மூலங்கள் இருக்கின்றன. அதே இடத்தில் ஹபிள் கண்ட கேலக்ஸிகளோ பல்லாயிரம். மீதமுள்ளவற்றில் பலவும் அத்தனை நாளில் ஓரிரு ஃபோட்டான்களைத்தான் அனுப்பியிருக்கும். அவற்றின் சராசரி ஒளிர்வை அளக்க ஒரே வழி, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுதான்.

பைத்தானில் ஃபிட்ஸ் கோப்பை, அதாவது வானியல் படங்களைச் சேமிக்கும் கோப்பை, திறக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: படங்கள்

நூறு சொச்சம் தனி நோக்கல்களை நீங்களே இறக்கி, சந்திராவுக்கான சியாவோ மென்பொருளில் இணைக்கலாம். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். ஆய்வுக் குழுவே இணைத்துப் பொதுவில் வைத்திருக்கும் படத்தையும், ஒவ்வொரு இடமும் எவ்வளவு நோக்கப்பட்டது என்று காட்டும் எக்ஸ்போஷர் மேப்பையும் எடுங்கள். 0.5 முதல் 2 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரையிலான மென்பட்டை போதும். பின்புல இரைச்சல் அங்கே குறைவு.

படி 2: கேலக்ஸித் தேர்வு

ரெட்ஷிஃப்ட் (ஒளியின் அலைநீளம் வழியில் நீண்ட அளவு; தொலைவைக் காட்டும்) உள்ள கேலக்ஸிப் பட்டியலை, அட்டவணைகளைக் கையாளும் டாப்கேட் மென்பொருளில் திறந்து வடிகட்டுங்கள். இந்த வேலைக்கு அதைவிட வசதியான கருவி எனக்குத் தெரியாது. நோக்கு மையத்திலிருந்து 6 ஆர்க்மினிட்டுக்குள் (ஆர்க்மினிட் என்பது ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு) இருப்பவை மட்டும் போதும். அதற்கு வெளியே சந்திராவின் கூர்மை வேகமாகச் சரிகிறது.

படி 3: மறைப்பு

தனியாகவே தெரியும் 1008 மூலங்களின் ஒளி அடுக்கில் கலக்காதபடி அவற்றைப் படத்தில் மறையுங்கள். ஒரே அளவு வட்டம் போடாதீர்கள்; மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக வட்டம் பெரிதாக வேண்டும், பிரகாசமான மூலத்துக்கு இன்னும் பெரிதாக. மறைப்பை டிஎஸ்9 என்ற படம் பார்க்கும் மென்பொருளில் படத்தின்மேல் போட்டுக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 4: பின்புலம்

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. ஒவ்வொரு கேலக்ஸியின் இடத்திலும் ஒரு சிறு வட்டம் போட்டு, அதற்குள் விழுந்த ஃபோட்டான்களை எண்ணுகிறோம். ஒரு கணக்கு: அந்த வட்டத்துக்குள் கேலக்ஸியிலிருந்து சராசரியாக 0.5 ஃபோட்டான், பின்புலத்திலிருந்து 6 என்று வையுங்கள். 400 கேலக்ஸிகளை அடுக்கினால் சிக்னல் 200, பின்புலம் 2400, அதன் வர்க்கமூலமான இரைச்சல் 49. சிக்னல் இரைச்சலைப்போல் நான்கு மடங்கு, அதாவது நான்கு சிக்மா கிடைக்கிறது. நல்ல முடிவுதான். ஆனால் பின்புலத்தை வெறும் 4 விழுக்காடு குறைத்து மதிப்பிட்டால், இல்லாத 96 ஃபோட்டான்கள் சிக்னலில் சேர்ந்துவிடும். கிட்டத்தட்ட பாதி சிக்னல்!

புலம் முழுவதிலும் எங்கெங்கோ புள்ளிகளைத் தூவிப் பின்புலம் எடுப்பது அதனால்தான் ஆபத்து. எக்ஸ்போஷர் இடத்துக்கு இடம் மாறுகிறது; மையத்தில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. ஒவ்வொரு கேலக்ஸியின் இடத்தையும் 10 முதல் 30 ஆர்க்செகண்டு (ஆர்க்மினிட்டில் 60இல் ஒரு பங்கு) வரை ஏதோ ஒரு திசையில் நகர்த்துங்கள். அதே மறைப்பு, அதே வட்டம். இப்படி முழு அடுக்கையும் ஆயிரம் முறை திரும்பச் செய்தால், அந்த ஆயிரத்தின் சராசரிதான் பின்புலம், பரவல்தான் உண்மையான இரைச்சல். மேலே வர்க்கமூலம் எடுத்த பாய்சான் சூத்திரத்தைவிட நான் இதையே நம்புவேன். கண்டுபிடிபடாத மங்கலான அண்டை மூலங்களின் தாக்கமும் இதற்குள் வந்துவிடுகிறது.

படி 5: கூட்டல்

பின்புலத்தைக் கழித்து, அந்த வட்டங்களின் மொத்த எக்ஸ்போஷரால் வகுங்கள். வட்டத்துக்கு வெளியே சிதறும் ஒளிக்கும் திருத்தம் போடுங்கள். அப்புறம் பூட்ஸ்ட்ராப்: பட்டியலிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து அடுக்குங்கள். விடை பெரிதாக ஆடினால், ஒன்றிரண்டு கேலக்ஸிகளே மொத்தத்தையும் தூக்குகின்றன என்று பொருள். அவற்றைத் தனியாகப் பாருங்கள், உள்ளே கருந்துளை இருக்கலாம்.

பின்சேர்க்கை

"அடுக்கியும் மையத்தில் ஒன்றும் தெரியவில்லை, சற்றுத் தள்ளி ஏதோ தெரிகிறது" என்று சிலர் கேட்டார்கள். இரண்டு பட்டியல்களின் ஆயத்தொலைவுகளை ஒப்பிடுங்கள். இந்தப் பகுதியின் பழைய ஹபிள் பட்டியல்களுக்கும், விண்மீன்களின் இடங்களைத் துல்லியமாக அளந்த கயா விண்கலத்தின் அளவீட்டுக்கும் இடையே சுமார் 0.2 முதல் 0.3 ஆர்க்செகண்டு விலகல் இருக்கிறது. ஜேம்ஸ் வெப் பட்டியல்கள் கயாவை ஒட்டி அமைந்தவை. இரண்டையும் கலந்தால் அடுக்கு மங்கும். பொதுவான பிரகாச மூலங்களை வைத்து நடுமதிப்பு விலகலைக் கண்டு, அடுக்குவதற்கு முன்பே கழித்துவிடுங்கள்.

இன்னொன்று: ரெட்ஷிஃப்ட் 3இல் இருக்கும் கேலக்ஸிக்கு நாம் பார்க்கும் 0.5–2 பட்டை, அங்கே புறப்படும்போது 2–8. ரெட்ஷிஃப்ட் 1இல் அது 1–4தான். எனவே வெவ்வேறு தொலைவுக் கேலக்ஸிகளை ஒரே அடுக்கில் போடாமல், ரெட்ஷிஃப்ட் வாரியாகப் பிரித்து அடுக்குங்கள்.