ஸ்டூடியோவுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சா? கொழும்புக்குக் கமராவோடு போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கலியாணத்துக்கு விமானச்சீட்டுப் போட்ட அன்றே கொழும்புக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்: "மாமி, கலியாணத்துக்கு ஸ்டூடியோவுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சோ?" பதில் இழுபட்டால் உசாராகுங்கள். "நீ பெரிய கமராவோட வாறாய்தானே தம்பி, பிறகேன் அவங்களுக்குக் காசு?" என்ற வசனம் பெரும்பாலும் நீங்கள் கட்டுநாயக்காவில் இறங்கிய பிறகுதான் வரும். அப்போது மறுக்க ஏலாது. வருடக்கணக்காக ஒரு நல்லது கெட்டதுக்கும் தலைகாட்டாதவர், வந்த நேரத்திலும் மாட்டேன் என்றால், பிறகு நடக்கும் பேச்சு கமராவைப் பற்றியதாக இருக்காது.

ஆகவே பேச்சை முதலே முடித்துவிடுங்கள். மண்டபத்துக்கு ஸ்டூடியோ, வீட்டுச் சடங்குகளுக்கு நீங்கள். இதில் யாருக்கும் நட்டமில்லை. தாலிக்குப் பொன் நாணயத்தை உருக்கும் பொன்னுருக்கலைப் போல நல்ல படம் கிடைக்கும் சடங்கு மண்டபத்தில் ஒன்றுகூட இல்லை. பத்தர் (பொற்கொல்லர்) கரிநெருப்பை ஊத ஊத, நாணயத்தின் ஓரம் முதலில் தளர்ந்து, சட்டென்று முழுதும் சுருண்டு ஒரு மணியாகத் திரளும். அது சில வினாடிதான். ஃபிளாஷ் அடித்தால் நெருப்பின் செம்மை செத்துவிடும். அறை இருட்டு, நெருப்பு வெளிச்சம் என்பதால் ஓட்டோவில் விட்டால் கமரா இருட்டுக்குக் கணக்குப் பார்த்து, பொன்னை வெறும் வெள்ளைப் பொட்டாக எரித்துவிடும். மனுவலில் ஷட்டர் 1/200 வினாடி, லென்ஸ் துவாரம் எஃப் 4, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600 இல் தொடங்கி, தணலில் நிறம் தெரியும் வரை ஷட்டர் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள். 85 அல்லது 90 மிமீ லென்ஸ் இருந்தால் பத்தரின் தோளுக்குப் பின்னால் ஒரு மீற்றர் தள்ளி நின்றே எடுக்கலாம், பொறியும் படாது.

இவ்வளவு சொல்லியும் மண்டபம் உங்கள் தலையில் விழுந்துவிட்டதா? சரி, அதையும் பார்ப்போம்.

முதல் தலையிடி மின்சாரம். கனடாவிலும் அமெரிக்காவிலும் 60 ஹேர்ட்ஸ். இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்ஈடியும் பழைய டியூப் லைட்டும் அங்கே வினாடிக்கு 100 தரம் மங்கி எரியும். ரொரன்ரோவில் பழகிய 1/60, 1/125 இல் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும், வீடியோவில் பட்டைகள் ஊரும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 இல் பூட்டிவிடுங்கள். சத்தமில்லாத எலெக்ட்ரோனிக் ஷட்டரை நிறுத்தி மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். கமராவில் ஃபிளிக்கர் குறைக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். வீடியோ முறையை 60 ஹேர்ட்ஸ் நாடுகளின் என்டிஎஸ்சியில் (NTSC) இருந்து 50 ஹேர்ட்ஸ் நாடுகளின் பாலுக்கு (PAL) மாற்றி 25 ஃபிரேம், 1/50. சில சோனிக் கமராக்கள் இதை மாற்றும்போது மெமரி காட்டை ஃபோர்மட் செய்யச் சொல்லும், அதனால் புறப்பட முதலே வீட்டில் செய்துகொள்ளுங்கள். ஐஃபோனில் கமரா செட்டிங்ஸுக்குள் பால் ஃபோர்மட்டைக் காட்டு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. லண்டன், பாரிஸ், சூரிச் ஆட்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அங்கேயும் 50 தான்.

மணவறைக்குப் பின்னால் பெரிய எல்ஈடித் திரை வைத்திருந்தால் அது தன்பாட்டில் வேறு வேகத்தில் துடிக்கும். 1/50 க்கு இறக்கிப் பாருங்கள். பட்டை அப்பவும் போகாவிட்டால் திரை ஃபிரேமுக்குள் வராத இடத்துக்கு நகருவதுதான் வழி. அதைவிடக் கொடுமை நிற லைட். முகத்தில் தனி நீலம் விழுந்தால் ரோவில் (RAW, சென்சர் பதிந்தபடியே இருக்கும் கோப்பு) எடுத்திருந்தாலும் தோல் நிறம் திரும்பாது. அந்த வெளிச்சத்தில் சிவப்பும் பச்சையும் இல்லாதபோது எதைக் கொண்டு மீட்பது? மண்டப மனேஜரிடம் முறையிட்டுப் பிரயோசனமில்லை. லைட் போர்ட்டில் நிற்கும் பெடியனைக் காலையிலேயே சிநேகம் பிடித்து, தாலி கட்டும் பத்து நிமிடமும் நிற லைட்டை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். மிச்ச வெளிச்சத்துக்கு வைட் பலன்ஸை 4000 கெல்வினில் நிறுத்தி எடுத்துக்கொண்டு போனால், பிறகு எல்லாப் படத்தையும் ஒரே அடியில் திருத்தலாம்.

ஃபிளாஷை மேலே திருப்பி அடிக்கும் பழக்கம், கூரை வெள்ளையாகவும் மூன்று, மூன்றரை மீற்றருக்குள்ளும் இருந்தால்தான் செல்லும். ஹோட்டல் மண்டபங்களின் மரநிறக் கூரை மணமக்களை மஞ்சளாக்கும், உயரக் கூரை ஒன்றையும் திருப்பித் தராது. அங்கே சின்ன சொஃப்ட்பொக்ஸை (வெளிச்சத்தைப் பரப்பும் துணிப்பெட்டி) ஃபிளாஷில் மாட்டி நேராகவே அடிக்கலாம். ஐஎஸ்ஓவை 400 இல் இருந்து 3200 க்கு ஏற்றினால் ஃபிளாஷ் எட்டில் ஒரு பங்கு பலத்தில் எரிந்தால் போதும். இது முக்கியம். கெட்டிமேளம் தொடங்கியதும் தொடர்ந்து அடிக்கும்போது முழுப் பலத்தில் எரியும் ஃபிளாஷ் இரண்டாம் படத்திலேயே சார்ஜுக்குக் காத்து நிற்கும். தாலி காத்து நிற்காது. மாப்பிள்ளை எந்தப் பக்கம் நின்று கட்டுவார் என்று ஐயரிடம் முதலே கேட்டு, எதிர்ப்பக்கம் மணவறைப் படியோரம் முழங்காலில் இருங்கள். எழும்பி நின்றால் பின்னால் இருக்கும் ஊரே திட்டும். எழும்பாவிட்டாலும் ஃபோன் பிடித்த கைகள் குறுக்கே வரத்தான் செய்யும்.

குடும்பப் படங்களுக்கு 35 மிமீ, எஃப் 5.6. 28 க்குக் கீழே அகலமாகப் போனால் ஓரத்தில் நிற்பவர் பக்கவாட்டில் இழுபட்டுப் பருத்துத் தெரிவார், ஓரத்தில் எப்போதும் ஒரு பெரியம்மா நிற்பார். இரண்டு வரிசை என்றால் முன்வரிசைக் கண்ணில் ஃபோகஸ். யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியலை வீட்டாரில் ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். இருபது வருடம் வெளியில் இருந்த உங்களுக்கு யார் எந்த வீட்டுக்காரர், யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பது தெரியாது. விடுபட்ட வீடு உங்களைத்தான் ஞாபகம் வைத்திருக்கும். காட் இரண்டு போடும் கமரா என்றால் இரண்டிலும் ஒரே படம் பதியும்படி வையுங்கள். 24 மெகாபிக்சல் ரோ ஒன்று சுருக்கியும் கிட்டத்தட்ட 25 எம்பி. 2000 படம் 50 ஜிபி. காட்டைக் கொழும்பில் வாங்க நேர்ந்தால் விலை மலிந்த பெரிய காட்டை நம்பாமல், எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) போன்ற மென்பொருளால் முழுவதும் நிரப்பிச் சோதியுங்கள். போலிக் காட்டில் குறிப்பிட்ட அளவுக்குப் பிறகு எழுதுவதெல்லாம் காற்றோடு போகும், கமரா ஒரு வார்த்தை சொல்லாது.

மாப்பிள்ளை வாசலில் இறங்கும்போது லென்ஸ் புகார் பிடித்து ஆரத்தி முழுவதும் பால்போல வந்தால் அதற்குக் காரணம் ஏசி. கொழும்புக் காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பெரும்பாலும் 24 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும். அதைவிடக் குளிர்ந்த எந்தக் கண்ணாடியும் வெளியே வந்தவுடன் வியர்க்கும். மண்டபமும் காரும் 20 இல் ஓடுகின்றன. ஆரத்திக்கு அரை மணித்தியாலம் முதலே கமராவை மூடிய பையோடு வாசலுக்குக் கொண்டுவந்து, பைக்குள்ளேயே சூடேற விடுங்கள். முன்கண்ணாடியைத் துடைக்கலாம், ஆனால் அந்த நேரம் லென்ஸைக் கழற்றினால் ஈரம் சென்சருக்குப் போகும். தங்கும் அறையில் ஏசியை 26 இல் வைத்தால் காலையில் இந்தக் கூத்தே இல்லை. அங்கே வீட்டில் இருப்பவர்கள் மின்கட்டணத்துக்குப் பயந்து 26 க்குக் கீழே விடுவதில்லை. 18 க்கு இறக்குவது நாங்கள்தான்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரையோரம் றெயில் பாதைப் பக்கம் எடுத்துவிட்டு வந்தால் உப்புப் படிந்திருக்கும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி, பிறகு உலர்ந்ததால் துடையுங்கள். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் சூரியன் நடு உச்சிக்கு வரும், மதியம் எடுத்த முகத்தில் கண் இரண்டும் குழி. பொழுது வருடம் முழுவதும் ஆறு, ஆறரை மணியை ஒட்டியே படும், அந்தி இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். லண்டன் ஜூன் மாதத்து நீண்ட மாலையை நினைத்துக்கொண்டு காலிமுகத்திடலுக்கு ஆறரைக்குப் போனால் இஸ்ஸோ வடை (இறால் வடை) சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். சோதனைச் சாவடி, படையினர், பொலிஸ், துறைமுகம், கோட்டையில் ஜனாதிபதி மாளிகைப் பக்கம், இவற்றுக்குக் கமராவைத் தூக்காதீர்கள். எங்கள் பெயரும் முகமும் உள்ளவர் அங்கே நின்று விளக்கம் சொல்வதற்கும் வெள்ளைக்காரர் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். கோயிலில் மூலஸ்தானத்தை எடுப்பதில்லை. விகாரையில் புத்தருக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பதில்லை. 2012 இல் சிலைக்கு முத்தமிடுவது போல எடுத்த படத்துக்காக மூன்று பிரெஞ்சுப் பயணிகளுக்குக் காலியில் ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. பொலிஸுக்குத் தகவல் போனது படம் கழுவக் கொடுத்த கடையிலிருந்து. ட்ரோனை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைப் பதிவும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் கையில் இல்லாவிட்டால் அது சுங்கத்திலேயே தங்கிவிடும். அத்தான் கேட்டார் என்று பெட்டி பிரிக்காத லென்ஸ் கொண்டுபோனாலும் அதே சுங்கம்தான்.

"அம்மம்மாவுக்குப் பாஸ்போட் படம் நீயே எடுத்துவிடு" என்று கேட்டால் தாராளமாக மறுக்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்குத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும், அவர்களே இணையத்தில் ஏற்றிப் பற்றுச்சீட்டுத் தருவார்கள். கனடா விசாப் படம் 35க்கு 45 மிமீ, நாடியிலிருந்து உச்சி வரை 31 முதல் 36 மிமீ. அமெரிக்காவுக்கு இரண்டு அங்குலச் சதுரம்.

அதே அம்மம்மாவை வேறொரு படம் எடுக்கத்தான் வேண்டும். கேட்பார்கள், அல்லது கேட்க விரும்பிக் கேட்காமல் இருப்பார்கள்: "ஒரு நல்ல படம் எடுத்து வை, பிறகு தேவைப்படும்." எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். மரண அறிவித்தல்களில் பழைய அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யன்னலுக்குப் பக்கவாட்டில் கதிரை, டியூப் லைட்டை அணைத்து, 85 மிமீ, எஃப் 4, இரண்டு மீற்றர் தூரம். கண்ணாடியில் யன்னல் பளிச்சிட்டால் கண்ணாடிக் காலைக் காதின்மேல் சற்று உயர்த்திவிட்டால் போய்விடும். தலைக்கு மேலும் இருபுறமும் தாராளமாக இடம் விடுங்கள். 12க்கு 18 அங்குலச் சட்டத்துக்கு 300 பிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) 3600க்கு 5400 பிக்சல் வேண்டும், 24 மெகாபிக்சலில் வெட்டியெடுக்க அதிகம் மிச்சம் இருக்காது, அதனால் சட்டத்துக்கு வேண்டிய அமைப்பை எடுக்கும்போதே பாருங்கள். சேலையை அவரே தெரிவுசெய்யட்டும்.

பழைய அல்பங்களை அங்கேயே பிரதி எடுங்கள். "கொண்டுபோய் ஸ்கான் பண்ணித் தாறன்" என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். இடம்பெயர்வுகளில் உடுப்பை விட்டுவிட்டு இதைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். யன்னலோரம் தரையில் அல்பம், மேலே கமரா மட்டமாக, 50 அல்லது 60 மிமீ மக்ரோ (கிட்டத்தில் எடுக்கும்) லென்ஸ், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, இரண்டு வினாடி டைமர், பளபளப்பை அடக்கக் கமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி. சட்டக் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள், மேற்படலம் கண்ணாடியோடு போகும். கண்ணாடி மேலாலேயே எடுங்கள். 6க்கு 4 அங்குலப் படத்துக்கு 600 பிபிஐ என்றாலும் 9 மெகாபிக்சல் போதும்.

கடைசியாகப் பிரின்ட். "போய் வட்ஸ்அப்பில் அனுப்புறன்" என்று சொல்லி யாரும் அனுப்பியதில்லை. அனுப்பினாலும் சாதாரணமாகப் போட்டால் சுருங்கித்தான் போகும், டொக்கியுமென்டாகப் போட வேண்டும். பறக்க நாலு நாள் முன் கொழும்பின் காலி வீதியில் (Galle Road) ஒரு ஸ்டூடியோவுக்குத் தெரிந்தெடுத்த படங்களை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோங்கள். எஸ்ஆர்ஜிபி (sRGB) நிறமுறையில் ஜேபெக்காக இருக்கட்டும். அடோபி ஆர்ஜிபி அவர்களுடைய மெஷினில் வெளிறிப்போகும். "கலர் கரெக்ஷன் வேண்டாம், முகத்தை வெள்ளையாக்க வேண்டாம்" என்று கவரிலேயே எழுதிக் கொடுங்கள். சட்டம் போடுவதென்றால் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் மவுன்ட் (மட்டை விளிம்பு) வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த ஈரத்தில் இதுவும் ஒட்டும். பின்பக்கத்தில் பெயரும் திகதியும் எழுத இந்தத் தாளில் பென்சில் பிடிக்காது, போல்பொயின்ற் முன்னால் தழும்பு விழுத்தும். மெல்லிய பெர்மனன்ட் மார்க்கரால் எழுதி, ஐந்து நிமிடம் காய விட்டு அடுக்குங்கள்.